பாக்ஸ்டரா, கேமனா? பினாங்கில் ஒரு தம்பதியின் ஸ்போர்ட்ஸ் கார் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கோண்டோவில் குடியிருக்கும் தம்பதி. கணவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் பெராயில் மின்சார வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. ஒரே ஒரு முறையாவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டிவிட வேண்டும் என்று இருவரும் பேசி, பணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். பழைய வண்டியோ ரீகண்ட் வண்டியோ (வெளிநாட்டில் ஓடி, இங்கே இறக்குமதியாகி விற்பனைக்கு வருவது) வாங்குகிறவர்களோடு கூடப் போய், வண்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எந்த வண்டி என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை, போர்ஷே 718 தான். இரண்டாயிரம் சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது கணவரின் கணக்கு, அது சரியான கணக்கும்கூட. அடிப்படை 718-இன் எஞ்சின் 1,988 சிசி, தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு வருட ரோட் டேக்ஸ் (சாலை வரி) 374 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதற்கு முந்தைய தலைமுறையின் 2.7 லிட்டர் வண்டி 2,706 சிசி, அதற்கு 1,395 வெள்ளி. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் சத்தத்துக்காகவே அந்த ஆயிரத்துச் சொச்சத்தை வருடா வருடம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

சிக்கல் கூரையில்தான் வந்தது. அதே வண்டி இரண்டு உருவத்தில் கிடைக்கிறது. துணிக்கூரை திறந்து மூடும் கன்வெர்ட்டிபள் என்றால் பாக்ஸ்டர், இரும்புக்கூரை போட்ட கூப்பே என்றால் கேமன்.

இருவரும் சொன்னது

கணவர் கேமன் பக்கம். மாதத்தில் ஒரு தடவையாவது மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போகிறார்கள், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம், அதில் காற்றுச் சத்தம் காதைக் குடையக் கூடாது. பெட்டி வைக்க இடம் வேண்டும். துணிக்கூரையை எவனாவது பிளேடால் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் அவருக்கு இருந்தது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் எவன் கூரையைத் திறப்பான் என்பது கடைசி வாதம், அதைத்தான் அதிகம் சொன்னார்.

மனைவியிடம் ஏற்கெனவே மைவி என்ற சின்ன கார் ஒன்று இருக்கிறது. அவர் சொன்னது ஒரே வரி: "தம்பி, மேல தொறக்காத வண்டின்னா எங்கிட்ட இருக்கிற மைவியே போதும்."

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே வண்டி ஓடும் நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள், வண்டி நிற்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் ஓடும் வண்டி மீதி நேரமெல்லாம் எங்கேயோ நிற்கத்தான் போகிறது.

காகிதத்தில் என்ன வித்தியாசம்

இதை முதலில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம், சீக்கிரமே முடிந்தது. இரண்டிலும் அதே டர்போ நாலு சிலிண்டர் எஞ்சின், 300 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடைகூட ஒன்றுதான், மேனுவல் கியர் வண்டி இரண்டுமே 1,335 கிலோ. கூரையை வெட்டி எடுத்த கார் எப்போதும் கனமாக இருக்கும், ஏனென்றால் கூரை தாங்கிக்கொண்டிருந்த பலத்தை அடித்தளத்தில் சேர்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது மற்ற பல வண்டிகளுக்குப் பொருந்தும். இங்கே கதை தலைகீழ். பாக்ஸ்டர் 1996-லேயே திறந்த வண்டியாகப் பிறந்தது, அதன் மேல் கூரை போட்டுக் கேமன் வந்தது 2005-ல். கூரை இருப்பதால் கேமனின் உடல் விறைப்பு கூடுதல் என்பது உண்மை, ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது முக்கியம். இவர்கள் ஓட்டப்போவது பாலிக் புலாவ் மலைச்சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

உண்மையான வித்தியாசம் இரண்டு. முதலாவது பின் பெட்டி. முன்னால் இருக்கும் பெட்டி இரண்டிலும் 150 லிட்டர்தான். பின்னால் பாக்ஸ்டரில் 125 லிட்டர், கேமனில் 275 லிட்டர். இரண்டாவது கூரை. மின்சாரத்தில் ஒன்பது வினாடியில் திறக்கும், ஓடும்போதே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை திறக்கலாம் மூடலாம், அதற்கு மேல் முடியாது. இந்த ஐம்பது என்ற எண்ணைக் கணவர் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் இதற்கு வருகிறேன்.

ரோட் டேக்ஸ் இரண்டுக்கும் ஒன்றே, எஞ்சின் அளவை வைத்துத்தான் கணக்கு.

முதலில் பார்த்த வண்டி

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு ரீகண்ட் கடையில் பாக்ஸ்டர் ஒன்று இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தது, பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள், மனைவி பார்த்ததும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கடைக்காரரும் பார்த்துவிட்டார்.

துணிக்கூரை வண்டியில் நான் பெயிண்டைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். சீட்டை முன்னால் தள்ளி, அதற்குப் பின்னால் இருக்கும் கம்பளத்தில் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஈரம், ஓரத்தில் லேசான பழுப்பு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன். யாரும் கடைசி வரை இழுப்பதில்லை என்பதால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் துடைப்பதும் இல்லை, அங்கே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். அப்புறம் கூரையைத் திறக்கவிட்டு, பாதியில் நிறுத்தி, கூரை மடிந்து போய் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையில் விழும் மழைநீர் இரண்டு ஓரத்திலும் ஓடிவந்து அங்கே உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். வலது பக்கத் துளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன், பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் வந்து சொட்டியது. இடது பக்கம் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. விரலை விட்டால் மக்கிப்போன இலை, தேயிலைச் சக்கை மாதிரி கையில் வந்தது.

"வண்டி கழுவும்போது போன தண்ணி பாஸ், வெயில்ல வச்சா காஞ்சிடும்" என்றார் விற்பனையாளர். கம்பளம் காய்ந்துவிடும், சரி. அதற்கு அடியில் இருக்கும் நுரைப் பஞ்சு காயாது, அதை ஒட்டிப் போகும் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்தால் பிறகு எந்த ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) போனாலும் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

கணவர் மனைவியைப் பார்த்து, "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். நான் குறுக்கிட்டேன். இந்த வண்டி ஓடும்போது நனைந்து கெட்டுப்போகவில்லை, மரத்தடியில் பல மாதம் நின்று கெட்டுப்போயிருக்கிறது. இலை விழுந்து, மக்கி, துளையை அடைத்து, மழைநீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. "அண்ணே, உங்க வீட்ல வண்டி எங்க நிக்கப் போகுது, அத எனக்குக் காட்டுங்க" என்றேன்.

வண்டி நிற்கும் இடம்

அடுத்த வாரம் கோண்டோவுக்குப் போனேன். அவர்களுக்கு இரண்டு கார் நிறுத்துமிடம். ஒன்று பொடியத்துக்குள், அதாவது கட்டடத்தின் கீழ்த்தளங்களில் உள்ள நிறுத்துமிடத்தில், கூரைக்குக் கீழே, அதில் மனைவியின் மைவி நிற்கிறது. இன்னொன்று வெளியே, மதிலை ஒட்டி, அதில் கணவரின் ஹைலக்ஸ் பிக்கப். வாங்கப்போகும் வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். ஹைலக்ஸைப் பெராயில் ஆபீசிலேயே விட்டுவிட்டு, அந்த வெளி இடத்தில் ஸ்போர்ட்ஸ் காரை வைப்பது, வேலைக்கு ஆபீஸ் வேனில் போய்வருவது என்று கணவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

வெளி இடத்துக்கு மேலே அங்சானா மரம். பினாங்கில் சாலையோரத்தில் நிழலுக்காக நட்டுவைத்த மரங்களில் இதுவும் தூங்குமூஞ்சி மரமும்தான் அதிகம், இரண்டுமே துணிக்கூரைக்கு விரோதி. அங்சானா பூத்தால் ஒரே நாளில் மொத்தமாகப் பூத்து, மறுநாள் தரையெல்லாம் மஞ்சள் கம்பளம் விரித்து வைத்திருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பூவிதழ் விரல் நகத்தைவிடச் சிறியது, கூரை ஓரத்து ரப்பர் இடுக்கில் நேராக நுழைந்துவிடும். தூங்குமூஞ்சியின் இலைத்துணுக்குகளும் அப்படித்தான். பெரிய இலை கூரை மேலேயே நின்றுவிடும், எடுத்துப் போட்டுவிடலாம். சின்னதுதான் வடிகால் வரைக்கும் போய்ச் சேரும். அதோடு மரத்தில் குடியிருக்கும் பறவைகளின் எச்சம், நாள் முழுக்கக் கடற்கரை ஊர் ஈரக்காற்று. நிழல்பட்ட துணியில் கொஞ்ச நாளில் பச்சை படிய ஆரம்பித்துவிடும்.

மரம் விழுவதைப் பற்றியும் பேசினோம். 2024 மே மாதம் கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிர் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட மரத்தின் கீழ் இரும்புக்கூரையும் ஒன்றும் செய்யாது, அதனால் அதை இரண்டு வண்டிக்கும் பொதுவான ஆபத்தாகத்தான் எடுத்துக்கொண்டோம். அங்கே கேட்க வேண்டியது காப்புறுதியைப் பற்றி. வெள்ளம், புயல், மரம் விழுதல் எல்லாம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வராது, ஸ்பெஷல் பெரில்ஸ் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களிடம் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே எல்லா வண்டிக்கும் போட்டிருந்தார்.

கூரைத் துணி கிழிந்தால்? முன் கண்ணாடி உடைந்தால் அதற்கென்று தனிச் சேர்க்கை உண்டு, அதில் கோரினால் என்சிடி, அதாவது இழப்பீடு கோராமல் இருப்பதற்குக் கிடைக்கும் பிரீமியக் கழிவு, போகாது. துணி என்பது கண்ணாடி இல்லை. அது சொந்தச் சேதமாகப் போகும், ஒரு கிழிசலுக்காக 55 சதவீதக் கழிவை இழக்க வேண்டி வரும் என்று அவருடைய ஏஜெண்ட் எழுத்தில் பதில் கொடுத்தார். கணவர் பயந்தது வீண் பயம் இல்லை.

இந்தக் கட்டத்தில் என் கருத்தைச் சொல்லிவிட்டேன். வெளி இடம்தான் என்றால் கேமன் வாங்குங்கள், பாக்ஸ்டரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பொடியத்துக்குள் இடம் கிடைத்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மனைவி கணவரிடம் சொன்னார்: "உங்க வண்டிக்கு என் எடத்த தரமாட்டேன். நான் கேக்குற வண்டின்னா தரேன். மைவி வெளிய நிக்கட்டும், மழைல நான் கொட பிடிச்சிட்டுப் போறேன்."

தேர்வு உண்மையில் அந்த இடத்தில்தான் திரும்பியது என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் பொடியத்துக்குள் போய் மேலே அண்ணாந்து பார்த்தேன், ஏனென்றால் கூரைக்குக் கீழே இருக்கும் இடமெல்லாம் நல்ல இடம் ஆகிவிடாது. அவர்களுடைய கட்டத்தின் ஓரத்தில், தரையில் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது. மேலே சிமெண்டுத் தளத்து வெடிப்பில் கசிந்து வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டியிருக்கிறது. அது பெயிண்டில் விழுந்து காய்ந்தால் கறை லேசில் போகாது, துணியில் ஊறினால் இன்னும் மோசம். மைவி வெள்ளை நிறம், அதனால் இத்தனை காலம் அவர் கண்ணில் படவில்லை. மேனேஜ்மென்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். வெடிப்பை அடைத்து, அடியில் ஒரு தகரத் தட்டும் பொருத்திக் கொடுத்த பிறகுதான் வண்டி தேடுவதைத் தொடர்ந்தோம்.

ஓட்டிப் பார்த்தது

கேமனைச் செபராங் பெராயில் ஒரு கடையில் பகலில் ஓட்டிப் பார்த்தார்கள். கணவருக்கு மிகவும் பிடித்தது. நேராக, கெட்டியாக, குலுங்காமல் போகிறது என்றார். மனைவிக்கும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பின் கதவு பெரிய சாய்வுக் கண்ணாடி என்பதால் மதிய வெயில் நேராகப் பெட்டி வைக்கும் இடத்தில் இறங்குகிறது, அதற்குக் கறுப்பு டிண்ட் போட்டுவிடலாம். 2019-லிருந்து பின் கண்ணாடிக்கு இருட்டு அளவில் கட்டுப்பாடு இல்லை, முன் கண்ணாடிக்கு 70 சதவீதமும் முன் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதமும் வெளிச்சம் போக வேண்டும் என்பதுதான் விதி.

பாக்ஸ்டருக்கு எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, இரண்டு வேளையில் ஓட்டச் சொன்னேன். முதலில் காலை பதினொரு மணிக்கு, கூரையைத் திறந்து, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைதான் வடக்கே, அந்த நேரத்திலேயே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஸ்டியரிங் சுட்டது, பக்கத்தில் நின்ற லோரியின் புகை நேராக மடியில் இறங்கியது. சிக்னலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கணவர் கூரையை மூடிவிட்டார், மனைவியும் மூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன். நம் கடிகாரத்தில் சூரியன் ஏழேகாலுக்கு முன்னும் பின்னுமாகத்தான் வரும் என்பதால், ஆறே முக்காலுக்குப் புறப்பட்டாலே போதும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங், அங்கிருந்து அணைக்கட்டைத் தாண்டி மலை ஏறிப் பாலிக் புலாவ் வரை. டுரியான் காலம். தித்தி கெராவாங் பக்கம் வளைவுகளில் ஏறும்போது தோட்டத்திலிருந்து வாசனை வண்டிக்குள் வருவதும் போவதுமாக இருந்ததாம், ஒவ்வொரு வளைவிலும் குளிர்ச்சி மாறியதாம். பாலிக் புலாவ் லக்சா கடை திறக்கும் வரை உட்கார்ந்திருந்து, அப்புறம் கூரையை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அன்று மதியம் கணவர் எனக்குப் போன் செய்து, "தம்பி, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், ஆனா கோலாலம்பூருக்கு இதுல வர மாட்டேன்" என்றார்.

முடிவும் காரணமும்

பாக்ஸ்டர் என்று முடிவானது. காரணத்தை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன், மனைவி தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அதில் இருந்தது கிட்டத்தட்ட இதுதான்: வண்டி கூரைக்குக் கீழே நிற்கும். விடிகாலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் திறப்போம், மற்ற நேரம் அதை ஒரு சாதாரணக் காராக ஓட்டுவோம். தூரப் பயணத்துக்கு வேறு வண்டி. துணிக்கூரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கணவருடையது, சொல்லிக் காட்டக் கூடாது.

இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் கேமன் என்றுதான் சொல்லியிருப்பேன். முக்கியமாகத் தூரப் பயணத்துக்கு வேறு வண்டி இல்லாத வீட்டில், இரண்டு பேர் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போகும் சாமானுக்கு 125 லிட்டர் பின் பெட்டி போதாது. புடவை மடித்த சூட்கேஸ் உள்ளேயே போகாது.

ஜப்பானிலிருந்து வந்த ஒரு வண்டி கிடைத்தது. டிஷ்யூ பேப்பர் காய்ந்தே வந்தது, இரண்டு வடிகாலும் ஓடின, கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொன்னோம். பிறகு தோட்டக் குழாயைப் பிடித்துக் கூரை ஓரங்களில் நிதானமாகத் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே நான் உட்கார்ந்து கண்ணாடி ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். இவ்வளவும் செய்யவிடாத கடையில் துணிக்கூரை வண்டி வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

அதன்பின் நடந்தது

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. நான் எதிர்பாராத தொந்தரவு பூனை. பொடியத்துக்குள் வளைய வரும் பூனைகளுக்கு வழுக்கும் இரும்புக்கூரையைவிடத் துணிக்கூரை சுகம், ஏறிப் படுத்து நகத்தையும் தீட்டிக்கொள்ளும். ஒரு மூலையில் நூல் எழும்பியதைப் பார்த்ததும் கணவர் உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்த உறை வாங்கிப் போட்டார். உறை போடுவதற்கு முன் கூரை காய்ந்திருக்க வேண்டும் என்பதால், மழையில் வந்த நாளில் போடுவதில்லை, அன்றைக்குப் பூனையைத் தடுக்க வழியும் இல்லை. இதற்கு நல்ல தீர்வு இன்னும் கிடைக்கவில்லை.

ஈரமான கூரையை மடிக்கக் கூடாது என்ற விதியை ஒரு முறை மீறிவிட்டார்கள். நனைந்த கூரையோடு வந்து, மறுநாள் விடிகாலை திறந்து ஓட்டி, மடித்தபடியே விருந்துக்குப் போய் ராத்திரி வரை விட்டுவிட்டார்கள். மூடும்போது புளித்த வாடை. நிழலில் மூடி வைத்து, ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி, மின்விசிறி வைத்து இரண்டு நாள் காயவிட்ட பிறகு போனது. துணியில் மடிப்புக்கோடு ஒன்று லேசாகத் தெரிகிறது.

அடுத்தது பாலம். பினாங்குப் பாலத்தில் டோல் பெராய்ப் பக்கம் இருக்கிறது, தீவுக்கு வரும்போது கட்ட வேண்டும். ஒரு நாள் இருட்டிய பிறகு பெராயிலிருந்து திரும்பும்போது வானம் தெளிவாக இருந்ததால் டோலைத் தாண்டியதும் கூரையைத் திறந்திருக்கிறார்கள். பாலத்தின் நடு மேட்டை நெருங்கும்போது மழை. கூரையை மூட வேண்டும் என்றால் ஐம்பதுக்குக் கீழே வர வேண்டும், பின்னால் கண்டெய்னர் லோரி எண்பதில் வருகிறது, ஒதுங்க இடமில்லை. கணவர் நிதானமாக அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டே வந்தார், அது சரியான முடிவு. ஓடும் வேகத்தில் முன் கண்ணாடிக்கு மேலே ஏறும் காற்று மழையில் பெரும் பகுதியைத் தலைக்கு மேல் கடத்திவிடும், நின்றால்தான் முழுக்க நனைவோம். தீவுப் பக்கம் இறங்கியதும் வேகம் குறைத்து மூடினார்கள். சீட்டின் மேல்பகுதியும் மனைவியின் தோளும் நனைந்தன, வேறு சேதமில்லை. அன்றிலிருந்து டோலில் காசு கட்டும்போது கூரை மூடியிருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அக்டோபர் மழைக்கு முன் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூடிய இடத்தில்தான் நிற்கிறது, இருந்தும் இடது வடிகாலில் கொஞ்சம் மஞ்சள் பூவிதழ் சேர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சாலையோர மரத்தடியில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறார்கள், அதில் விழுந்தது. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் கயிற்றை மெதுவாக உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் வந்துவிடும். காற்று அடிக்கும் பம்பை வைத்துச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து வேண்டாம். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுகொண்டால் தண்ணீர் வடிகாலிலேயே போய் வண்டிக்குள் கொட்டும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கோலாலம்பூருக்கு ஒரே ஒரு தடவை இதில் போனார்கள். கூரை மூடி 110-ல் போகும்போது பேசிக்கொள்ளக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது என்றார் கணவர். தைப்பிங் தாண்டியதும் பேச்சை விட்டுவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்களாம். அடுத்த தடவையிலிருந்து மைவிதான்.

மறுபடி செய்தால்

அவர்களிடம் கேட்டேன். கணவர் சொன்னது: கேமனையும் விடிகாலையில் அதே மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பகலில் ஓட்டிய வண்டியையும் விடிகாலையில் ஓட்டிய வண்டியையும் ஒப்பிட்டது நியாயமில்லை என்று அவருக்கு இன்னும் தோன்றுகிறது. அவர் சொல்வது சரி. ஜன்னலை இறக்கிவிட்டால் கேமனிலும் டுரியான் வாசனை வரத்தான் செய்யும், அது போதுமா இல்லையா என்பதை அப்போதே பார்த்திருக்கலாம்.

மனைவி சொன்னது: மழை நாளில் ஒரு தடவை, கூரை மூடி, நெரிசலில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். துணியில் விழும் மழைச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, ஆனால் பிடிக்காமல் போயிருந்தால் வருடத்தில் பாதி நாள் அந்தச் சத்தத்தோடுதானே இருந்திருக்க வேண்டும் என்கிறார்.

என் தரப்பில் மாற்றியது வரிசையை. முன்பு வண்டியைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போவேன். இப்போது யார் கன்வெர்ட்டிபள் என்று கேட்டு வந்தாலும், முதலில் அவர்கள் வீட்டு நிறுத்துமிடத்தைப் போய்ப் பார்க்கிறேன், முடிந்தால் மழை பெய்யும்போது. பொடியமாக இருந்தால் மேலேயும் பார்ப்பேன், தரையில் வெள்ளைக் கறை இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அப்புறம் அந்த வண்டி போகப்போகும் மற்ற இடங்களைக் கேட்பேன்: ஆபீஸ், கோயில், அம்மா வீடு, அங்கேயெல்லாம் மேலே மரம் உண்டா என்று. காப்புறுதி ஏஜெண்டிடம் கூரைத் துணியைப் பற்றி எழுத்தில் பதில் வாங்கச் சொல்வதும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால்.

இவர்களுக்குப் பிறகு சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒருவர் இதே பாக்ஸ்டர் கேமன் கேள்வியோடு வந்தார். தரை வீடு, போர்ச்சில் இரண்டு வண்டி ஏற்கெனவே நிற்கிறது, மூன்றாவது வேலிக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான். உள்ளே நிற்கும் இரண்டில் ஒன்றை வெளியே எடுக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. அவர் கேமன் வாங்கினார்.